மூன்று அப்பாக்களும் ஒரு அம்மாவும்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "மம்மா மியா படம் திரும்பவும் பார்த்தேன், நன்றாக இருந்தது" என்று ஒரு வரி போட்டேன். அடுத்த நிமிடமே கொழுந்தன் மகன் கேட்டான்: "பெரியம்மா, ஒரு பொண்ணுக்கு மூணு அப்பா வர்ற படம்தானே அது? நீங்களா பார்த்தீங்க?" கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் நாலு. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, ஃபேஸ்புக்கில் விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு என் நீளம் தெரியும். மற்றவர்கள் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். கடைசியில் சொந்தக்காரர்களிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

முதலில் பாட்டுக்காரர்கள். 1970-களில் சுவீடன் நாட்டில் ஒரு பாப் இசைக்குழு இருந்தது. அக்னீதா, பியோர்ன், பென்னி, அன்னி-ஃபிரிட் என்று நாலு பேர். இந்த நாலு பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்துத்தான் குழுவுக்குப் பெயர். அதைத் தமிழில் எழுதினால் 'அப்பா' என்றே வந்து நிற்கும். இந்தப் பதிவில் ஏற்கெனவே அப்பாக்கள் அதிகம் என்பதால் நான் 'ஆபா' என்று எழுதுகிறேன். 1974 ஏப்ரல் 6-ஆம் தேதி, இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' என்ற பாட்டைப் பாடி முதல் பரிசு வாங்கினார்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் உலகமே அவர்கள் பாட்டைக் கேட்டது. அக்னீதாவும் பியோர்னும் கணவன் மனைவி. அன்னி-ஃபிரிட்டும் பென்னியும் இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடிகளும் பிரிந்தன. 1982-க்குப் பிறகு குழுவும் ஓய்ந்தது.

எனக்கு இவர்களை அறிமுகம் செய்தது சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது அவர் விடுமுறைக்கு வந்து ஒரு டேப் ரெக்கார்டரும் இரண்டு கேசட்டும் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றில் டி.எம்.எஸ். பாட்டுகள். இன்னொன்றில் ஆபா. இங்கிலீஷ் பாட்டென்றால் ஒன்றும் புரியாது என்று நினைத்திருந்த எனக்கு, இவர்கள் பாடியது முக்கால்வாசி புரிந்தது. அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அதனாலோ என்னவோ, ஒவ்வொரு சொல்லையும் உடைத்துத் தெளிவாகப் பாடுவார்கள். என் உச்சரிப்பில் பாதி அந்தக் கேசட் கொடுத்தது. உங்களில் சிலர் ஆண்டு விழாவில் நான் சொல்லிக்கொடுத்துப் பாடிய இங்கிலீஷ் பாட்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்!

இனி படத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு சினிமாப் பாட்டு எப்படிப் பிறக்கிறது? டைரக்டர் முதலில் காட்சியைச் சொல்வார். இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார். கவிஞர் அந்தப் பாத்திரத்தின் வாயில் வைக்க வரி எழுதுவார். ஆளைப் பார்த்து, அளவெடுத்து, சட்டை தைக்கிற மாதிரி. 'மம்மா மியா' நேர் தலைகீழ். சட்டைகள் இருபது வருடம் முன்பே தைத்துத் தயாராகத் தொங்குகின்றன. அவற்றுக்குப் பொருந்துகிற ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு சட்டையையும் பிரித்துத் தைக்கக் கூடாது.

இந்த வேலையை யோசித்தவர் ஜூடி க்ரேமர் என்ற தயாரிப்பாளர். 1980-களில் பியோர்னும் பென்னியும் 'செஸ்' என்ற இசை நாடகத்துக்கு இசை எழுதியபோது அவர்களோடு வேலை பார்த்தவர். ஆபாவின் பாட்டுகளுக்குள் ஒரு நாடகம் ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்ததாம். கதை எழுத அவர் கூட்டிவந்த ஆள் கேத்தரின் ஜான்சன். அந்த அம்மாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு மரியாதை கூடியது. விவாகரத்து ஆகி, வேலை இல்லாமல், கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை என்று இருந்த நேரத்தில், உள்ளூர்ப் பத்திரிகையில் நாடகப் போட்டி அறிவிப்பைப் பார்த்து எழுத ஆரம்பித்துப் பரிசு வாங்கியவர். இயக்குநர் ஃபிலிடா லாயிட். மூன்றும் பெண்கள். நாடகம் லண்டனில் 1999 ஏப்ரல் 6 அன்று அரங்கேறியது. பிரைட்டனில் பரிசு வாங்கிய நாளிலிருந்து சரியாக 25 வருடம். அதே மூன்று பெண்கள் சேர்ந்துதான் 2008-ல் அதைப் படமாகவும் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 5 கோடி டாலரில் எடுத்த படம் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

கதை இவ்வளவுதான். கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவு. தீவின் பெயர் கற்பனை. படம் எடுத்தது பெரும்பாலும் ஸ்கோபெலோஸ் என்ற உண்மையான தீவில். அங்கே டோனா என்ற அம்மா (மெரில் ஸ்ட்ரீப்) ஓட்டை உடைசல் விடுதி ஒன்றை நடத்துகிறாள். கதவு கழன்று விழும், கடன் கழுத்தை நெரிக்கும். அவளுக்கு இருபது வயதில் சோஃபி என்று ஒரே மகள் (அமாண்டா செய்ஃபிரிட்). அப்பா யார் என்று சோஃபிக்குத் தெரியாது. கல்யாணம் நெருங்கும்போது அம்மாவின் பழைய டைரி கையில் கிடைக்கிறது. சோஃபி பிறப்பதற்கு முந்தைய கோடையில் அம்மாவின் வாழ்க்கையில் மூன்று பேர் வந்துபோயிருக்கிறார்கள். மூவருக்கும் அம்மா பெயரில் அழைப்பிதழ் அனுப்பிவிடுகிறாள். தன்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஒரு அப்பா வேண்டும், பார்த்த உடனே யார் என்று தெரிந்துவிடும் என்று நம்புகிறாள். மூவரும் வந்து இறங்குகிறார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் கதைக்குள் பழைய சட்டைகள் எப்படிப் பொருந்துகின்றன என்பதுதான் வேடிக்கை. பணத்தைப் பற்றிய பழைய பாட்டு, விடுதியின் உடைந்த ஜன்னலைச் சரிசெய்கிற டோனாவின் புலம்பலாகிவிடுகிறது. 'டஸ் யுவர் மதர் நோ' பாட்டை ஆபாவில் பாடியது பியோர்ன், தன்னைச் சுற்றிவரும் சின்னப் பெண்ணைப் பார்த்து ஒரு ஆண் "உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்கிற பாட்டு. படத்தில் அதை டோனாவின் தோழி, நடுவயது தாண்டிய பெண், தன் பின்னால் வரும் பையனைப் பார்த்துப் பாடுகிறாள். பாட்டு அதுவேதான். பாடுகிற ஆள் மாறியதும் நியாயமே மாறிப்போகிறது. வகுப்பில் 'பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார்' என்று இடம் சுட்டிப் பொருள் விளக்கச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

'டான்சிங் குவீன்' பாட்டு பதினேழு வயசுப் பெண்ணைப் பற்றியது. படத்தில் அதைத் தொடங்குவது சோர்ந்துபோய்ப் படுக்கையில் கிடக்கும் டோனாவைத் தேற்ற வந்த இரண்டு தோழிகள். அறுபதை நெருங்கிய மெரில் ஸ்ட்ரீப் கட்டிலில் ஏறிக் குதிக்கிறார். பிறகு வெளியே ஓடுகிறார்கள். துவைக்கிறவள், சமைக்கிறவள், பெருக்குகிறவள் என்று ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வேலையைப் போட்டுவிட்டுக் கூட வருகிறார்கள். சுமந்து வந்த விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஒரு பாட்டியும் சேர்ந்துகொள்கிறாள். எல்லோரும் படித்துறைப் பக்கம் ஆடிக்கொண்டே போகிறார்கள். பதினேழு வயது என்பது ஒரு பெண்ணுக்குள்ளிருந்து முழுசாகப் போய்விடுவதில்லை என்று அந்த ஐந்து நிமிடம் சொல்கிறது. அங்கே பியானோ வாசிக்கும் தாடிக்காரர் வேறு யாருமில்லை, பாட்டைப் போட்ட பென்னியேதான்.

சிரிப்பும் கூத்துமாகப் போகிற படம் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. கல்யாண நாள். சோஃபி அம்மாவிடம் வந்து, என்னை அலங்கரித்து விடுகிறாயா என்று கேட்கிறாள். டோனா மகளின் தலையை வாருகிறாள், கால் நகத்துக்குச் சாயம் பூசுகிறாள், பாடுகிறாள். பாட்டின் பெயர் 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்'. விரல் இடுக்கு வழியாக நழுவிப்போவது என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாட்டின் பிறப்பு தெரிந்தால் காட்சி இன்னும் கனக்கும். 1981-ல் வந்த ஆபாவின் பாட்டு இது. பியோர்னும் அக்னீதாவும் அப்போது பிரிந்திருந்தார்கள். அவர்களுடைய மூத்த மகளுக்கு ஏழெட்டு வயது. அந்தக் குழந்தை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அப்பா பியோர்ன் எழுதிய வரிகள். பாடியது அதே குழந்தையின் அம்மா அக்னீதா. காலையில் அவசரமாகச் சாப்பிட்டு, பாதித் தூக்கத்தில் கையசைத்து, குழந்தை போய்விடுகிறது. வாசலில் நிற்பவருக்கு என்னவோ கைநழுவிப் போன மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. எழுதியபோது குழந்தை போன இடம் பள்ளிக்கூடம். படத்தில் மகள் போகிற இடம் கல்யாணம். ஒரு வரியும் பெரிதாக மாறவில்லை. பள்ளிக்கு அனுப்புவதும் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதும் ஒரே வாசலில் ஒரே ஆள் நின்று செய்கிற வேலை என்பதை அந்த எழுத்தாளர் அம்மா கண்டுபிடித்திருக்கிறார்.

பிள்ளைகளே, அந்தப் பாட்டை நான் வேறொரு பக்கத்திலிருந்து கேட்கிறேன். அது வீட்டு வாசலில் நின்று பாடுகிற பாட்டு. நான் 33 வருடம் அந்தத் தெருவின் மறுமுனையில் நின்றவள். முதல் பதினோரு வருடம் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற முதல் நாள், ஒவ்வொரு அம்மா விரலையும் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வரும். அந்த விரலைப் பிரித்து இந்தப் பக்கம் வாங்குவது என் வேலை. அழுகிற பிள்ளை பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். கேட்டுக்கு வெளியே நிற்கிற அம்மாதான் அடங்க மாட்டாள். வேப்பமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்ப்பாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு நிம்மதியும் வரும், வருத்தமும் வரும். எந்தக் கவிஞரும் அந்த முகத்தை எழுதவில்லையே என்று நினைத்திருக்கிறேன். சுவீடனில் ஒரு அப்பா எழுதியிருக்கிறார்.

தலைவாரிவிடும்போது டோனா மகளிடம் ஒன்று சொல்கிறாள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவளுடைய அம்மா, இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கேட்டுக்கொண்டிருந்த சோஃபி அப்போதுதான் கேட்கிறாள்: என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் நீயே கொடுக்கிறாயா அம்மா? அவர்கள் வழக்கப்படி அது அப்பா செய்கிற வேலை. படம் முழுக்க அதற்காகத்தானே ஒரு அப்பாவைத் தேடினாள். தேடிய ஆள் இருபது வருடமாகப் பக்கத்திலேயே இருந்தது அந்த நொடியில் அவளுக்குத் தெரிகிறது.

அதன்பின் பாறைமேல் இருக்கும் சின்னத் தேவாலயத்துக்குப் போகிற வழியில், பழைய காதலன் சாமிடம் டோனா 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாடுகிறாள். 1980-ல், தங்கள் மணமுறிவு நேரத்தில், பியோர்ன் எழுதிய பாட்டு. அதைப் பாடக் கொடுத்தது பிரிந்த மனைவியிடமே. எங்கள் பிரிவில் ஜெயித்தவர் யாருமில்லை, பாட்டில் இருப்பது கற்பனை என்று அவர் பின்னாளில் விளக்கம் சொன்னார். கேட்பவர்கள் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கல்யாண மேடையில் மூன்று அப்பாக்கள் விஷயம் வெளியே வருகிறது. ரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடிக்கலாம் என்று யாரும் கிளம்பவில்லை. மூவரும், மூன்றில் ஒரு பங்கு அப்பாவாக இருப்பதே எங்களுக்கு சந்தோஷம் என்கிறார்கள். சோஃபியும் சம்மதிக்கிறாள். கல்யாணத்துக்கு இப்போது என்ன அவசரம், உலகத்தைச் சுற்றிப் பார்ப்போம் என்று மாப்பிள்ளையோடு படகேறுகிறாள். சாம் கேட்க, காத்திருக்கும் பாதிரியார் முன்னால் டோனா கல்யாணம் நடக்கிறது. படம் முடியும்போதும் அப்பா யார் என்று நமக்குத் தெரியாது. கொழுந்தன் மகனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். மூன்று பேர் வருகிறார்கள், உண்மை. ஆனால் கதை அவர்களைப் பற்றியதில்லை.

ஆபாவின் அன்னி-ஃபிரிட்டுக்கு ஃபிரீடா என்றும் பெயர். அவர் வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறேன். நார்வே நாட்டை ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த காலத்தில் ஒரு நார்வேப் பெண்ணுக்கும் ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கும் உண்டான பிள்ளை அவர். 1945 நவம்பரில் பிறந்தபோது போர் முடிந்து அப்பா ஊர் திரும்பியிருந்தார். எதிரியின் பிள்ளை என்று ஊர் தூற்றும் என்பதால் பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவீடனுக்குப் போய்விட்டார். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் அம்மாவும் இறந்துபோனார். அப்பா செத்துப்போனார் என்று சொல்லியே பாட்டி வளர்த்தார். 1977-ல், ஃபிரீடா உலகப் புகழோடு இருந்த நேரத்தில், ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வந்த அவருடைய கதையைப் பார்த்து, அந்த அப்பா உயிரோடு இருப்பது தெரியவந்தது. 31 வயதில் முதல்முறையாக அப்பா முகத்தைப் பார்த்தார். சோஃபி கதைக்கு இது மூலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளைப் பாடிய நாலு குரல்களில் ஒன்று அப்பா முகம் தெரியாமல் வளர்ந்த குரல். அந்தப் பெண்ணைத் தூக்கிச் சுமந்தது ஒரு பாட்டி.

இனிஷியல் இல்லாமல் பெயர் எழுத முடியாத ஊர் நம் ஊர். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'தந்தை பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு வருடம், ஒரு அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்லாக் கட்டத்துக்கும் பதில் சொன்னவள் அந்தக் கட்டம் வந்ததும் தலைகுனிந்து, "எங்க அப்பா பேரைப் போட்டுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை இன்று தன் காலில் நன்றாக நிற்கிறாள். இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். அவள் பீஸ் கட்டியதும், இரவில் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டதும் அந்த அம்மா ஒருத்திதான். 2015-ல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தன் பிள்ளைக்குக் காப்பாளராக, தகப்பன் யார் என்று வெளியே சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பேப்பரில் அதைப் படித்த அன்று அந்த அம்மாவின் குனிந்த தலைதான் என் கண்ணில் நின்றது.

படத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கிரேக்க ஊர்க்காரர்களுக்குக் கூட்டத்தில் நின்று ஆடுவதைத் தவிர வேலையே இல்லை. கதை சில இடங்களில் பாட்டுக்காகவே முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஜேம்ஸ் பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னன் இதில் பாடுகிறார். அந்த ஆண்டின் மோசமான துணை நடிப்புக்கு ஒரு கேலி விருதே கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பாடத் தெரிந்தவர்கள் பின்னணியில் பாட, நடிகர்கள் வாயசைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இங்கே நடிகர்களே சொந்தக் குரலில் பாடுகிறார்கள். சுருதி விலகும்போது, ஆண்டு விழாவில் உங்கள் அப்பாக்களை மேடையேற்றிப் பாடவைத்த மாதிரி இருக்கிறது. கல்யாண வீட்டில் நலங்குப் பாட்டுப் பாடுகிற அத்தையிடம் யாராவது சுருதி கேட்பார்களா?

இப்போது சொந்தக்காரர்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம், ஒளிவுமறைவு இல்லை.

இந்தப் படத்தை எனக்கு முதலில் காட்டியது என் மகள். அவள் கல்யாணத்துக்கு முந்தின வருடம், லேப்டாப்பில் போட்டாள். தலைவாருகிற காட்சி வந்தபோது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எண்ணெய் தேய்த்துவிட்டதிலிருந்து இன்ஜினியரிங் கவுன்சிலிங் வரை எல்லாம் நானும் அவளும்தான்.

அடுத்த வருடம் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியது நான். கூறைப் புடவை எடுத்தது நான். முகூர்த்த நேரத்தில் மேடையில் தாரை வார்த்தது சொந்தத்தில் ஒரு ஜோடி. அவர்கள் அன்போடுதான் செய்தார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் மூன்றாவது வரிசைக்குப் பின்னால், ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன். போகாதே என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. வழக்கம் அப்படித்தான் வேலை செய்யும், சத்தமே இருக்காது. ஹோமப் புகைக்கு நடுவே என் மகள் கூட்டத்தில் யாரையோ தேடினாள். யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும்.

வரும் தை மாதம் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். தம்பி போய் ஐந்து வருடம் ஆகிறது. யார் தாரை வார்ப்பது என்று பேச்சு ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். மூத்த ஜோடி யார், யாருக்கு முறை, யாருக்குச் சொன்னால் யார் கோபிப்பார்கள் என்று பட்டியல் போடுகிறீர்களாம். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். செம்பை அவள் அம்மா கையில் கொடுங்கள்.

சகுனம், சாங்கியம் என்று சிலர் சொல்வீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கை அது. நகையை அடகு வைத்துக் காலேஜ் பீஸ் கட்டிய கை அது. டெங்கு வந்து பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினொரு ராத்திரி விசிறிய கை அது. இத்தனைக்கும் ஆகிவந்த கை, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற மட்டும் ஆகாதா? சட்டம் கேட்கும் என்றும் பயப்பட வேண்டாம். சடங்கே இல்லாமல், சொந்தக்காரர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று 1967-லேயே நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்தாகிவிட்டது. சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெட்டிமேளம் கொட்டட்டும், அட்சதை போடுங்கள், பந்தியில் மூன்று பாயசம் வையுங்கள். செம்பு பிடிக்கிற ஆள் மட்டும் சரியான ஆளாக இருக்கட்டும்.

தம்பி மனைவியிடம் நான் இதைப் பற்றிப் பேசினேன். "ஊர் என்ன சொல்லும் அண்ணி?" என்றாள். ஊர் என்றால் யார்? மேடைக்கு முன்னால் உட்காரப் போகிற நீங்கள்தானே. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஊர் ஒன்றும் சொல்லாது. அவள் மேடை ஏறும்போது முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். ஸ்டோர் ரூம் சாவியை வேறு யாராவது வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சம்மதம் என்றால் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். சம்மதம் இல்லையென்றால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், பேசுவோம். என் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் இப்படி அம்மாவே முன்னால் நின்று நடத்திய கல்யாணம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் படிக்கட்டும். ஜூன் மாதம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் விடப் போகிறவர்கள், கேட்டில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். உள்ளே ஒரு டீச்சர் இருப்பாள், பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்